மொறிஸ் மைனரில் பிறேக் எயர் எடுத்தல்: கால் உணர்வதை வைத்துப் பழுது காண்பது

பிறேக் பெடல் ஆழமாக இறங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும், "எயர் பிடித்துவிட்டது, எயர் எடுங்கள்" என்ற பதில்தான் உடனே வரும். எயர் எடுப்பது என்றால் பிறேக் எண்ணெய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அவசரப்பட்டு ஏற்கக் கூடாது. 1959ஆம் ஆண்டின் 948 சிசி வண்டி ஒன்றை வாங்கிய புதிதில், இரண்டு கிழமைக்குள் நான் மூன்று முறை எயர் எடுத்தேன். கடைசி முறை போத்தலில் ஒரு குமிழிகூட வரவில்லை. பெடல் மட்டும் அதே ஆழத்துக்குப் போனது. எங்கள் ஒழுங்கையில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்து, பெடலை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் காற்று இல்லை. சூவெல்லாம் ட்ரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது" என்றார். ஒரு திருப்புளியை எடுத்து நாலு சில்லுகளிலும் சேர்த்து ஆறு இடங்களில் திருகினார். பெடல் மேலே வந்து கல்லுப் போல நின்றது.

எண்ணெய்ப் போத்தலை அவர் திறக்கவே இல்லை. பழுதைக் காலால் படித்துவிட்டார். அந்தப் படிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைனரில் நாலு சில்லிலும் ட்ரம் பிறேக். சில்லோடு சுழலும் உருளைதான் ட்ரம், அதன் உட்புறத்தில் அழுந்தி அதை நிறுத்தும் வளைந்த கட்டைதான் சூ. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், சில்லில் உள்ள சிலிண்டர்கள் அந்த எண்ணெயால் சூவைத் தள்ளும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள், பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் ட்ரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் பக்கம் இல்லை. சாரதியின் காலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி, சிறு மூடியைக் கழற்றினால்தான் எண்ணெய் ஊற்றும் வாய் தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் அதைப் பலர் வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை. நாலு சில்லுக்கும் எண்ணெய் ஒரே வழியில்தான் போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நாலு பிறேக்கும் ஒன்றாகப் போய்விடும், கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே எதைத் தொடுவதற்கு முன்னும் கைப்பிறேக் வண்டியை நிறுத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலால் ஒரு சோதனை

வண்டி நின்றபடியே இருக்கட்டும். பெடலை ஒரு தரம் மெதுவாக மிதித்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விட்டுவிட்டு, வேகமாக மூன்று தரம் மிதியுங்கள். மூன்றாவது மிதியில் காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இந்த ஒரு நிமிடத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்ததா? உயர்ந்த பிறகு கல்லுப் போல இருந்ததா, பஞ்சுப் போல இருந்ததா? அழுத்திப் பிடித்திருந்தபோது கால் கீழே இறங்கியதா?

முதல் மிதி ஆழம், மூன்றாவது மிதி உயரம், உயர்ந்த பின் கல்லுப் போல இறுக்கம்

இது காற்று அல்ல. சூ தேய்ந்து ட்ரம்மிலிருந்து விலகி நிற்கிறது. முதல் மிதியில் வரும் எண்ணெய் அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடுகிறது.

சில்லைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி, ட்ரம்மில் உள்ள துளைக்கு நேரே சரிசெய்யும் திருகு வரும்வரை சுழற்றுங்கள். முன் சில்லில் ஒவ்வொரு சூவுக்கும் ஒன்றாக இரண்டு திருகுகள், பின் சில்லில் ஒன்று. தட்டைத் திருப்புளியால் இறுகும் பக்கமாகத் திருகி, சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டதும் ஒரே ஒரு 'டிக்' பின்னுக்கு விடுங்கள். சில்லு தாராளமாகச் சுழல வேண்டும். இலேசாக உரசும் ஓசை கேட்டால் பரவாயில்லை, கைக்குக் கனக்கக் கூடாது. பின் சில்லுகளைச் சரிசெய்யும்போது கைப்பிறேக் விடுபட்டிருக்க வேண்டும். முன் சில்லில் ஒரு திருகை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிடுபவர்கள் அதிகம். பிறகு பெடல் உயரவில்லையே என்று எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறார்கள்.

எயர் எடுப்பதற்கு முன்பும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். நான் ஒரு படி மேலே போய், எயர் எடுக்கும் நேரத்தில் ஆறு திருகுகளையும் முழுதாகப் பூட்டிவிடுவேன். சூ அசையாமல் நிற்கும்போது பெடலை மிதித்துப் பார்த்தால் குழாய்க்குள் நடப்பது மட்டும் காலுக்குத் தெரியும். அப்போது பெடல் கல்லாக நின்றால் எண்ணெய் வழி சுத்தம், கோளாறு சூவின் பக்கம். அப்போதும் பஞ்சாக இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள். வேலை முடிந்ததும் ஆறு திருகுகளையும் ஒவ்வொரு 'டிக்' பின்னுக்கு விட மறக்கக் கூடாது.

எத்தனை தரம் மிதித்தாலும் பஞ்சு

காற்று இருப்பதற்கான உண்மையான அடையாளம் இதுதான். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். கால் கொடுக்கும் பலம் சூவைத் தள்ளாமல் குமிழியை நெரிப்பதில் போய்விடுகிறது.

ஸ்பனரை எடுக்குமுன் ஒரு கேள்வி: காற்று எப்படி உள்ளே வந்தது? அண்மையில் சிலிண்டர் மாற்றினீர்களா? எண்ணெய் வற்றியதா? இரண்டும் இல்லை என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. ட்ரம்மைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் முனையிலும் உள்ள றப்பர் உறையின் விளிம்பை நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே உலர்ந்து, சற்றுத் தூசியோடு இருந்தால் நல்லது. ஈரம் கசிந்து வழிந்தால் அந்தச் சிலிண்டரின் வாசர், அதாவது எண்ணெயைத் தடுக்கும் றப்பர், போய்விட்டது. கடற்காற்று வீசும் ஊர்களில், நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் சிலிண்டர் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். அதில் புது வாசர் போட்டாலும் நீடிக்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எயர் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றழுத்தத்தால் அடிக்கவோ வேண்டாம். பழைய சூக்களில் கல்நார் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடைப்பட்டிருந்தபோது, இந்தப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி ஊரைச் சுமந்தன. எதையும் மண்ணெண்ணெயால் கழுவும் பழக்கம் அதனால் பலரிடம் ஊறிவிட்டது. பிறேக்கில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் எதுவானாலும் ஒரு துளி பட்டால் போதும், பிறேக் வாசர் ஊதிப் பெருத்துக் கெட்டுப்போகும். கழுவுவதற்குப் புதிய பிறேக் எண்ணெய் அல்லது மெதிலேற்றிய மதுசாரம் மட்டுமே.

எயர் எடுக்கும் முறை

இனி வேலை. வண்டியைத் தூக்கினால் இரும்புத் தாங்கி வையுங்கள். சீமெந்துக் கல் பாரத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் நொறுங்கும். பிறேக் எண்ணெய் டொட் 3 அல்லது டொட் 4 தரத்தில், முத்திரை உடைக்காத போத்தலில் இருந்து. டொட் 5 என்பது சிலிக்கன் எண்ணெய். அதைப் பழைய எண்ணெயோடு கலக்கக் கூடாது. பிறேக் எண்ணெய் வண்டியின் பூச்சில் பட்டால் பெயிண்ட் உரிந்து வரும். அருகில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், பட்ட உடனே கழுவுங்கள்.

தரைவிரிப்பைத் தூக்கி, மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணையும் நூலையும் நன்றாகத் துடைத்த பிறகே மாஸ்டர் சிலிண்டரைத் திறங்கள். கால் வைக்கும் இடமாதலால் ஒரு கைப்பிடி மணல் அங்கே காத்திருக்கும். மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. அது அடைபட்டிருந்தால் எண்ணெய் சீராக இறங்காது. எண்ணெய் ஊற்ற, சிறு குழாய் செருகிய சிரிஞ்ச் நல்லது. கழுத்துக்கு அரை அங்குலம் கீழே நின்றால் போதும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குங்கள். வலப்பக்கச் சாரதி வண்டியில் ஒழுங்கு இது: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில்லின் பின்தட்டில், காற்று வெளியேறத் திறக்கும் சிறு துளைத் திருகுதான் நிப்பிள். அதில் அங்குல அளவு வளைய ஸ்பனரையே போடுங்கள். மில்லிமீட்டர் ஸ்பனர் பொருந்துவது போலத் தோன்றும், ஒரே திருகில் மூலைகளை உருட்டிவிடும். இறுகிப்போன நிப்பிளில் முதல் நாளே துருநீக்கி அடித்து வையுங்கள். நிப்பிள் உள்ளே உடைந்தால் சிலிண்டரோடு போகும்.

ஸ்பனரைப் போட்ட பிறகு, நிப்பிளின் மேல் தெளிவான பிளாஸ்திக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள கண்ணாடிப் போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேல் நோக்கி எழுந்து பிறகு இறங்க வேண்டும். காற்று மேலே ஏறுவதுதான் அதன் குணம், அதற்கு வழிவிடுங்கள்.

பெடலில் ஒருவர் வேண்டும். என்னோடு என் பெறாமகன் இருப்பான். எங்களுக்குள் மூன்று சொற்கள்தான்: "மிதி", "பிடி", "விடு". நான் "மிதி" என்றதும் அவன் மெதுவாக அழுத்துவான். நான் நிப்பிளை அரைச் சுற்று திறப்பேன். பெடல் அடியை நெருங்கியதும் "பிடித்திருக்கிறேன், சித்தப்பா" என்பான். நான் நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்பேன். இந்த ஒழுங்கு ஒரு தடவை குழம்பினாலும், திறந்த நிப்பிள் வழியாகக் காற்று திரும்ப உள்ளே போகும். அதனால் அவன் சொல்லை நானும், என் சொல்லை அவனும் உரக்கத் திருப்பிச் சொல்வோம்.

பெடலைத் தரைவரை தள்ள விடாதீர்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். வருடக்கணக்காக வாசர் போய்வராத மாஸ்டர் சிலிண்டரின் முன்பகுதியில் துருவும் படிவும் இருக்கும். அந்த இடத்தில் வாசரின் உதடு உரசினால் கிழியும். எயர் எடுத்த மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்வோரின் கதை பெரும்பாலும் இதுதான்.

குழாயைக் கூர்ந்து பாருங்கள். முதலில் வருவது தேநீர் நிறத்தில் அழுக்கு எண்ணெய். பிறகு அரிசி அளவுக் குமிழிகள், பிறகு ஊசிமுனை அளவில் நூல் போலத் தொடரும் சிறு குமிழிகள். பலர் பெரிய குமிழி நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சுத் தன்மை அந்த நூல் குமிழிகளில்தான் ஒளிந்திருக்கிறது. குழாயில் எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்து, நாலைந்து மிதிக்கு ஒரு குமிழியும் வராத பிறகு அடுத்த சில்லுக்குப் போங்கள். ஒவ்வொரு ஆறு மிதிக்கும் ஒரு முறை மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்து ஊற்றுங்கள். அது ஒரு தரம் வற்றினால் முதல் சில்லில் இருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். போத்தலில் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

நூல் குமிழி முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால் பிறேக் குழாய்க்குள் காற்று இருப்பதாக முடிவுசெய்துவிடாதீர்கள். திறந்த நிப்பிளின் புரி வழியாக வெளிக்காற்றும் பிளாஸ்திக் குழாய்க்குள் நுழையும். நிப்பிளை இன்னும் குறைவாகத் திறந்து பாருங்கள்.

எயர் எடுத்த பிறகும் பஞ்சு

பொறுமை போகும் இடம் இது. மூன்று காரணங்களைப் பாருங்கள். புதுச் சூ போட்டிருந்தால், அதன் வளைவு ட்ரம்மின் வளைவோடு பொருந்தும்வரை சூவே சற்று வளைந்து கொடுக்கும். சில நூறு மைல் ஓடியதும் சரியாகும். இரண்டாவது, சிலிண்டர் மாற்றும்போது இடதும் வலதும் மாறி, நிப்பிள் மேல் பக்கம் இல்லாமல் கீழ்ப் பக்கம் வந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை போத்தல் ஊற்றினாலும் மேல் மூலையில் காற்று தங்கும்.

மூன்றாவது, றப்பர் குழாய். மைனரில் மூன்று உண்டு: முன் சில்லுகளுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று. ஒருவர் அழுத்திப் பிடிக்க, நீங்கள் குழாயைக் கையால் சுற்றிப் பிடியுங்கள். பழைய குழாய் மிதிக்கு மிதி பருத்துச் சுருங்குவது விரலுக்குத் தெரியும். வெடிப்பும் பருமனும் கண்டால் மூன்றையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல.

குழாய்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே வைத்துக் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடலாம். உருண்டை வாயுள்ள குழாய்க் கவ்விகளால் மூன்றையும் மெல்ல நெரித்துப் பெடலை மிதியுங்கள். கல்லுப் போல உயரத்தில் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. இனி ஒவ்வொரு கவ்வியாக எடுங்கள். எதை எடுத்ததும் பெடல் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று. குறட்டால் மட்டும் நெரிக்க வேண்டாம். உள்ளே கிழியும், வெளியில் தெரியாது.

அழுத்திப் பிடித்தால் கால் மெதுவாக இறங்குகிறது

இந்த அடையாளம் கண்டால் வண்டி வீதியில் இறங்கக் கூடாது. எண்ணெய் எங்கோ போகிறது. மாஸ்டர் சிலிண்டரின் மட்டத்தைக் குறித்து வைத்து, பத்துப் பதினைந்து மிதிக்குப் பிறகு பாருங்கள்.

மட்டம் குறைந்தால் வெளிக் கசிவு. நாலு ட்ரம்மின் பின்தட்டு, குழாய் இணைப்புகள், பிறகு பிறேக் விளக்கின் சுவிட்ச். மைனரில் அந்தச் சுவிட்ச் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அதன் முனையில் கசிவதைப் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்முனையில் கசிந்தால் எண்ணெய் சேசிஸ் சட்டத்துக்குள்ளேயே தேங்கும். அடியில் உள்ள துளையில் விரலை விட்டுப் பாருங்கள்.

மட்டம் குறையாமல் கால் மட்டும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் முதன்மை வாசர் உள்ளுக்குள் எண்ணெயை விட்டுவிடுகிறது. எயர் எடுப்பதால் இது தீராது. முன் சில்லுகளுக்கு வில்லாக இருக்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்பதால் அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது மைனரில் சிரமமான வேலை. ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

பெடல் உயரம், இறுக்கம். ஆனால் பிறேக் விடவில்லை

ஓட ஓட வண்டி கனக்கிறது, ட்ரம் தொட முடியாமல் சுடுகிறது. முதலில் பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். பெடலோடு இணைந்த தள்ளுகம்பி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தொடுமுன் சிறிதளவு வெறும் அசைவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, எண்ணெய் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் சூக்களைத் தானே தள்ளும். காலையில் சரியாக இருந்து, ஓடிய பின் இறுகி, ஆறியதும் மீண்டும் விடுகிறது என்றால் அநேகமாக இதுதான்.

ஒரே ஒரு சில்லு மட்டும் விடவில்லையா? அது பிடித்திருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாய் இணைப்பைச் சற்று இளக்குங்கள். சில்லு விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடாமல், சில்லின் நிப்பிளைத் திறந்ததும் எண்ணெய் பீறிட்டுச் சில்லு விட்டால், இடையில் உள்ள றப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ சூவோ துருவில் சிக்கி நிற்கிறது.

மலை இறக்கத்தில் பெடல் காணாமல் போகிறது

யாழ்ப்பாணத்தின் தட்டை வீதியில் இது தெரியவே தெரியாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது தெரியும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஊறியதும் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பஞ்சு. ஆறிய பிறகு பெடல் திரும்பி வந்துவிடுவதால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் முழுவதையும் மாற்றுங்கள்.

பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு. சூடேறிய சூவின் பிடிப்பு குறைந்துவிட்டது. எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டுக்கும் இறக்கத்தில் மருந்து ஒன்றே: ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்குக் காற்று காரணமாவது அரிது. இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்க ட்ரம்மை முதலில் திறந்து, சூவில் எண்ணெயோ கிறீஸோ பட்டிருக்கிறதா, பிஸ்டன் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஊறிய சூவைக் கழுவிப் போடாமல், இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

வீதியில் இறக்குமுன்

எல்லாம் முடிந்ததும் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நிப்பிள்களையும் இணைப்புகளையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். முற்றத்துக்குள் மெதுவாக ஓட்டி நாலைந்து தரம் நிறுத்துங்கள். பிறகு வண்டியை விட்டு, ஐந்து பத்திரிகைத் தாள்களை விரியுங்கள். நாலு சில்லுக்கு அடியில் நாலு, மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே ஒன்று. இரவு முழுவதும் கிடக்கட்டும். விடிந்ததும் ஐந்து தாளும் உலர்ந்திருந்து, முதல் மிதியிலேயே பெடல் நேற்று நின்ற உயரத்தில் நின்றால், படலையைத் திறக்கலாம்.